விடை சொல்லாத விளையாட்டு

அத்தியாயம் 14

போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே ஃபோனை வைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் சிரிப்பைக் காணோம். செய்தித்தாளின் ஞாயிறு இதழ் நாலாக மடித்து மேஜையில் கிடக்கிறது. பென்சில் சீவி வைத்தாயிற்று. காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. ஃபோன்தான் அடிக்கவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவுக்கே அவர் கண்ணாடிக்காரர். வாரம் ஆறு நாளும் மற்றவர்கள் கண்ணுக்கு உழைக்கிற மனிதர், ஏழாம் நாளைக் குறுக்கெழுத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆறு எது, தலைநகரம் எது என்று நேராகக் கேட்கிற குறுக்கெழுத்தை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது குழந்தைகளுக்கு என்பார். ஞாயிறு இதழில் வருகிறதே, சுற்றி வளைத்துக் கேட்டு மண்டையைக் காய வைக்கிறதே, அதுதான் அவருக்கு வேண்டும். அதில் குறிப்பு சொல்வது ஒன்று, கேட்பது இன்னொன்று. மழை என்று போட்டிருக்கிறதே என்று குடையைத் தேடுகிறவன் தொலைந்தான்.

இந்தப் பைத்தியத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. வேறு யாருமில்லை, அவருடைய மச்சான். மனைவியின் கூடப்பிறந்த ஒரே அண்ணன். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஞாயிறு காலையில் மச்சான் கூப்பிடுவார். "சௌக்கியமா?" கிடையாது, "சாப்பிட்டாச்சா?" கிடையாது. எடுத்ததும் "எட்டு குறுக்கு பாத்தீங்களா மாப்ள?" என்றுதான் ஆரம்பம். ஒரு மணி நேரம் ஓடும். அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம். விடையைச் சொல்லக்கூடாது. "சரி" என்று சொல்லலாம், "இல்ல" என்று சொல்லலாம், கொஞ்சம் தள்ளிவிடலாம். விடையைப் போட்டு உடைக்கிறவன் மனுஷனே இல்லை.

போன வாரம் மச்சான் ஒரு குறிப்பில் மாட்டிக்கொண்டார். 'வால் கருகிய நாற்று, அப்புறம் ஒன்றுமில்லை, உட்கார இடமுண்டு.' நாலு எழுத்து. கண்ணாடிக்காரர் பார்த்த மாத்திரத்தில் போட்டுவிட்டார். நாற்றின் கடைசி எழுத்தை வெட்டினால் நாற். ஒன்றுமில்லை என்றால் காலி. நாற்காலி! மச்சான் இதையெல்லாம் பல் துலக்கும்போதே முடித்துவிடுகிற ஆள். அன்றைக்கு என்னவோ திணறினார்.

"சொல்லிடுங்க மாப்ள."

"என்னது?"

"விடையச் சொல்லிடுங்க. இன்னிக்கு எனக்கு ஓட மாட்டேங்குது."

"அந்தக் கதையே வேணாம் மச்சான். அடுத்த வாரம் வரைக்கும் உட்கார்ந்து யோசிங்க. நல்லா உட்கார்ந்து!"

உட்காருவதைச் சொல்லியே குறிப்புக் கொடுத்துவிட்ட பெருமை அவருக்கு. சிரித்தபடி வைத்துவிட்டார். மச்சான் சிரித்தாரா என்று கவனிக்கவில்லை.

அதை இப்போது நினைத்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மச்சான் ஒரு தடவைகூட விடையைக் கேட்டதில்லை. அடுத்த வாரம் வரை காத்திருக்க முடியாது என்று நினைக்கிற மனிதன்தானே அப்படிக் கேட்பான்?

அவரே கூப்பிட்டுப் பார்த்தார். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டார். ஸ்விட்ச் ஆஃப்.

மச்சான் ஃபோனை அணைக்கவே மாட்டார். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டு கத்துவார்களோ என்று தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர். கண்ணாடிக்காரருக்கு அந்த எண் கிடைத்ததே ஒரு லிஃப்டுக்குள்தான். குறுக்கெழுத்துப் பரிசு வென்றவர்களில் மச்சான் பெயர் ஒருநாள் பேப்பரில் வந்தது. அதற்கு அடுத்த வாரமே ஏதோ ஓர் ஆபீஸ் லிஃப்டில் ஏறினால், 'பழுதானால் அழைக்க' என்று ஒட்டியிருந்த தாளில் அதே பெயர். அன்றைக்குப் பிடித்த பேச்சு.

இந்தப் பேச்சு வீட்டம்மாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறவர் கடைக்கு வந்து பழக்கமான யாரோ என்று சொல்லி வைத்திருந்தார். அவளும் குறுக்கெழுத்துக் கட்டத்தை வைத்து "உங்க கட்டக்காரர்" என்று கிண்டல் செய்வதோடு விட்டுவிடுவாள்.

ஏன் மறைக்க வேண்டும் என்றால், அதற்கு ஒரு பழைய கதை உண்டு. அவள் பிரசவமாகிப் படுத்திருந்த சமயம், பிறந்த வீட்டில் அவளுடைய அம்மா நினைவு தப்பிக் கிடந்தாள். பச்சை உடம்புக்காரி பதறுவாள், அம்மா கண் விழிக்கட்டும், நல்ல சேதியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அண்ணன் விஷயத்தை மறைத்துவிட்டான். அம்மா கண் விழிக்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகுதான் இவளுக்குத் தகவல் வந்தது. அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினாள். அப்போது பிறந்தவள்தான் இப்போது டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாள். மகளுக்கு என்ன வயசோ அதே வயசு அந்தச் சண்டைக்கும்.

உள் அறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டம்மா ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பவள். ஏதோ ஒரு ஹோட்டலுக்கு அறை அறையாகத் தைக்கிறாள்; நாளைக்குக் கொடுத்தாக வேண்டும்.

கண்ணாடிக்காரர் மூன்றாம் தடவை எண்ணைப் போட்டார். அதே பெண் குரல் அதே பதிலைச் சொன்னது. மச்சானைத் தேடிப் போகலாம் என்றால் வீடு எங்கே என்று தெரியாது. கேட்டதில்லை. ஃபோனில் பின்னால் கேட்கிற சத்தத்தை வைத்து ஏதாவது பிடிபடுமா என்று கண்ணை மூடி யோசித்தார். கொஞ்ச நாளாக மச்சான் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு மணிச் சத்தம் வரும், இரண்டு தட்டு. பிறகு ஒரு பெண், எண்ணைச் சொல்லி, எந்த ஜன்னலுக்கு வர வேண்டும் என்று சொல்வாள். டோக்கன் கூப்பிடுகிறார்கள், ஏதோ பாங்கில் உட்கார்ந்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு கட்டத்தைப் பார்ப்பார்.

திடீரென்று கண்ணைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எந்த பாங்க் திறந்திருக்கிறது?

ஒரு குறிப்பில் காற்புள்ளி ஏன் அங்கே நிற்கிறது என்று அரை மணி நேரம் குடைகிற மனிதர்! வாரா வாரம் காதில் விழுந்ததை ஒரு தடவை யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டோக்கன் போட்டுக் கூப்பிடுகிற இடம் ஆஸ்பத்திரியை விட்டால் வேறு எது?

எழுந்து உள் அறை வாசல் வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

"என்னங்க நடமாட்டம்? உங்க கட்டக்காரர் கூப்பிடலயா?" என்றாள் வீட்டம்மா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்ல."

"உடம்பு கிடம்பு சரியில்லயோ என்னவோ. விசாரிங்க."

அவளிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இத்தனை வருஷம் ஒளித்ததைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லாத விஷயமாக இருந்தால் வீணாக வீடு ரெண்டுபடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா? நாளைக்குள் ஏதாவது ஆகிவிட்டால்? அண்ணன் செய்ததையே இவரும் செய்தவர் ஆவார். அப்புறம் இந்த வீட்டில் அவரோடும் பேச்சு நிற்கும்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்" என்று ஆரம்பித்தார். "ரொம்ப வருஷமா பேசாம இருக்கற ஒருத்தர். அவருக்கு ஒண்ணுன்னு வை. அப்ப இந்தப் பக்கம் இருக்கறவங்க..."

மெஷின் நின்றது.

"எனக்கு எதுக்குக் குறிப்பு குடுக்கறீங்க? நான் என்ன உங்க கட்டமா? நேரா சொல்லுங்க."

சொன்னார். லிஃப்டில் எண் கிடைத்ததிலிருந்து ஸ்விட்ச் ஆஃப் வரை ஒன்று விடாமல் சொன்னார். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஊசிக்கு அடியில் கிடந்த துணியை மெதுவாக வெளியே இழுத்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"தெரியாது."

"என்ன உடம்புக்கு?"

"தெரியல."

"வீடு எங்க?"

"அதுவும் தெரியாது."

"வாரா வாரம் ஒரு மணி நேரம் பேசியிருக்கீங்க. எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லயா?"

"கேக்கல" என்றார் கண்ணாடிக்காரர். அவமானமாக இருந்தது.

அவள் எழுந்து செருப்பைத் தேடினாள். ஹோட்டல்காரனின் திரைகள் அப்படியே கிடந்தன.

மகள் அப்போதுதான் முதல் வகுப்பை முடித்துக்கொண்டு வண்டியோடு வீட்டுக்கு வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சாவியை மறுபடி கையில் எடுத்தாள். பழகுகிறவர்களுக்கான வண்டி அது. தலையில் பலகை, ஆசிரியர் உட்காரும் பக்கத்தில் இன்னொரு பிரேக். அந்த இடத்தில் அப்பா உட்கார்ந்தார். அம்மா பின்னால்.

"டோக்கன் போடற பெரிய ஆஸ்பத்திரின்னா மூணுதாம்மா இருக்கு" என்றாள் மகள். "ஃபோன் போட்டா நோயாளி விவரம் சொல்ல மாட்டாங்க. நேராவே போயிடலாம்."

சாலையில் எதிரே நாய் வந்தால் வண்டி நின்றது. சைக்கிள் வந்தால் நின்றது. ஒன்றுமே வராதபோதும் ஒருமுறை குலுங்கி நின்றது.

"அப்பா, காலை எடுங்க! அது நிஜ பிரேக்!"

"எடுத்துட்டேன்."

"மறுபடி வைக்கறீங்க. கால ரெண்டையும் மடக்கி சீட் மேல வச்சுக்குங்க!"

வேறு நாளாக இருந்தால் அம்மாவும் பெண்ணும் அவரை ஓட்டித் தள்ளியிருப்பார்கள். இன்று பின் சீட்டில் வேறு கவலை. கண்ணாடியில் பார்த்தார். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"குரல் எப்படி இருக்கு?" என்றாள் திடீரென்று.

"யாருக்கு?"

"அண்ணனுக்குத்தான். வயசாயிடுச்சா குரல்ல?"

கண்ணாடிக்காரர் யோசித்துப் பார்த்தார். "கொஞ்சம். சிரிச்சா இருமல் வரும்."

முதல் ஆஸ்பத்திரியில் எண் எல்லாம் பலகையில்தான் மின்னியது. மணியும் இல்லை, குரலும் இல்லை. "இங்க இல்ல" என்று வாசலிலிருந்தே திருப்பிவிட்டார். இரண்டாவது ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே இரண்டு தட்டு மணி கேட்டது. பின்னாலேயே அந்தப் பெண் குரல். எண், ஜன்னல். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இதான்."

கண்ணாடிக்காரர் மச்சான் பெயரைச் சொன்னார். விசாரணை மேஜையில் இருந்த இளைஞன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேள்வி கேட்டான். பிறந்த தேதி? கண்ணாடிக்காரர் விழித்தார். வீட்டம்மா சொன்னாள். ரத்த வகை? அவள் சொன்னாள். இடது முழங்கையில் சின்ன வயசுத் தழும்பு, பெனிசிலின் ஒத்துக்காது என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். அத்தனை வருஷம் பேசாதவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாரா வாரம் பேசியவர் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார்.

"நீங்க மாப்ளயா?" என்று ஒரு குரல். ரத்தம் எடுக்கிற ஜன்னலிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "குரல் கேட்டுச்சு. அவர் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாரு. ஞாயித்துக்கிழமை ரத்தம் குடுத்துட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் இங்கதான் உட்கார்ந்திருப்பாரு."

"இப்ப எங்க அவரு?"

"நாளைக்குத்தான் ஆபரேஷன்னு இருந்தது. இதயத்துல வால்வு. ராத்திரி மூச்சு வாங்குதுன்னு அவரே டாக்ஸி பிடிச்சு வந்துட்டாரு. இன்னிக்கே வச்சுட்டாங்க." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "எங்ககிட்ட சத்தியம் வாங்காத குறைதான். மாப்ள கூப்பிட்டா ஒண்ணும் சொல்லக்கூடாது, அவர் வீட்ல தங்கச்சி பயந்துடும், எல்லாம் நல்லபடியா முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு..."

வீட்டம்மாவின் முகம் சிவந்தது. "மறுபடியுமா?" என்றாள். "அவனுக்குப் புத்தியே வராதா?" கோபத்தில் ஆரம்பித்த வார்த்தை அழுகையில் முடிந்தது. "எத்தனாவது மாடி?"

"நாலு. லிஃப்ட் அந்தப் பக்கம்..."

லிஃப்டுக்கு நிற்க அவளுக்குப் பொறுமை இல்லை. படியேறினாள். முட்டிவலிக்காரி, சந்தைக்குப் போனாலே இரண்டு இடத்தில் உட்காருகிறவள், கைப்பிடியைக்கூடத் தொடாமல் ஏறினாள். கண்ணாடிக்காரர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்.

நாலாம் மாடியில் கதவுக்கு வெளியே நின்ற ஆள் கையை நீட்டித் தடுத்தான்.

"தள்ளிட்டுப் போகப் போறோம். ஒருத்தர் மட்டும், ரெண்டு நிமிஷம். மாப்ளன்னு ஒருத்தர் வந்தா விடச் சொன்னாரு. நீங்களா சார்?"

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். மச்சான் தன்னைத்தான் கேட்டார் என்பது அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. அவள் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினார்.

"இவங்க போகட்டும். தங்கச்சி."

கதவு சரியாக மூடவில்லை. இடுக்கில் சக்கரக் கட்டிலின் கால்மாடும், பச்சைப் போர்வையும், அவள் முதுகும் தெரிந்தன.

"பாப்பாவா?" மச்சானின் குரல் பஞ்சாக இருந்தது.

"ஆமா. நாந்தான்." அவள் அண்ணனைத் திட்டுவாள் என்று கண்ணாடிக்காரர் பயந்துகொண்டே நின்றார். அவள் கேட்டது வேறு. "பயமா இருக்கா அண்ணா?"

பச்சைப் போர்வை அசைந்தது.

"ரொம்ப."

"நான் வெளியதான் இருப்பேன்."

கண்ணாடிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! எத்தனை குறுக்கு, எத்தனை நெடுக்கு! பயமா இருக்கா என்று கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையே.

உள்ளே மச்சான் தங்கையை அருகே இழுத்து ஏதோ சொன்னார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். சக்கரங்கள் உருண்டன. உள் கதவு திறந்து மூடியது.

வெளியே வந்தவள், வண்டியை நிறுத்திவிட்டு மேலே வந்திருந்த மகளிடம் நேராகப் போனாள். "பேனா குடு, பேனா!" மகள் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் ஒரு விலாசத்தை எழுதினாள். அவசரத்தில் எழுத்து கோணலாகப் போயிற்று.

"என்ன இது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அண்ணன் வீடு. அங்க ஒருத்தங்க இருக்காங்களாம்."

"யாரு? மச்சான் தனி ஆளாச்சே?"

"அப்படித்தான் நாமளும் நினைச்சோம். யாருன்னு கேக்கறதுக்குள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க. லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு சொல்லிட்டு ராத்திரி கிளம்பி வந்திருக்கான். அவங்க இன்னும் அதையே நம்பிக்கிட்டு இருக்காங்க."

கண்ணாடிக்காரர் அந்த விலாசத்தை எட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரப் பேச்சில் ஒரு பெண்மணியே ஒளிந்திருந்தாளா?

"சரி, பதறாத" என்றார். "ஆபரேஷன் முடியட்டும். நல்ல சேதியோட போய்ச் சொன்னா அவங்களுக்கும்..."

பாதியில் நிறுத்திவிட்டார். அவள் பார்த்த பார்வை அப்படி.

"இதையேதான் அன்னிக்கும் சொன்னாங்க" என்றாள் வீட்டம்மா.

அவள் மகளின் தோளைத் தொட்டாள்.

"நானும் இவளும் போறோம். நீங்க இங்கயே இருங்க. கதவு திறந்தா எனக்குக் கூப்பிடுங்க. நல்லதோ கெட்டதோ, டாக்டர் என்ன சொல்றாரோ அப்படியே சொல்லுங்க. முன்னுரை வேணாம்."

இத்தனை வருஷம் கழித்து அண்ணன் பக்கத்தில் வந்தவள், கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள். அவளுக்குப் போக மனமில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

கண்ணாடிக்காரர் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பக்கத்தில் யாரோ விட்டுப்போன ஞாயிறு இதழ் கிடந்தது; அதையும் தொடப் பிடிக்கவில்லை. பல மணி நேரம் ஆகும் என்று வாசல் ஆள் சொல்லியிருந்தான்.

கதவு அதற்கு வெகுமுன்பே திறந்தது. முகமூடியைக் கீழே இறக்கிவிட்டபடி டாக்டர் வந்தார்.

"கூட வந்தவங்க யாரு?"

கண்ணாடிக்காரர் எழுந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். டாக்டர் உள்ளே போன பிறகு எண்ணைப் போட்டார். முதல் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க."

பயப்படாதே என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

"மயக்க மருந்து குடுத்ததும் இதயம் நின்னுடுச்சாம். திரும்ப ஓட வச்சிருக்காங்க. ஆபரேஷன் இப்பதான் ஆரம்பிக்கறாங்க. பிழைப்பாரான்னு கேட்டேன். உறுதியா சொல்ல முடியாதுன்னாரு."

மறுமுனையில் "வண்டியத் திருப்பட்டாம்மா?" என்று மகள் கேட்பது கேட்டது. வண்டியின் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிப்பதுகூடக் கேட்டது. கண்ணாடிக்காரர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"திருப்பாத" என்றாள் வீட்டம்மா, அழுதுகொண்டே. "இன்னும் வேகமா போ. அவங்களையும் கூட்டிக்கிட்டு வந்துடலாம்."